நல்ல தண்ணீர் கேட்ட பவளம்

எங்கள் புதுமடத்தில் கடல் கூப்பிடு தூரம். நல்ல தண்ணீர்தான் அருமை. சமையலுக்கே கேன் தண்ணீர் வாங்குகிறோம். அதனால் வீட்டில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் ஒரு வாளி கடல் நீரையே ஊற்றி வந்தேன். கடலில் வாழ்வதற்குக் கடல் நீரைவிட வேறென்ன வேண்டும்?

அது மதுரைக் கடையில் ரசீதோடு வாங்கிய, பண்ணையில் வளர்த்த பவளம். விரல் விரலாக விரிந்து நிற்கும். இந்தக் கோடையில் சுருங்கி, நிறம் வெளுத்தது. விளக்கை மாற்றினேன். கடைக்காரரைத் திட்டினேன். ஷார்ஜாவிலிருந்து என் கணவர், "உப்ப அளந்து பாத்தியா?" என்று கேட்டார். "கடல் தண்ணியில என்னத்த அளக்க?" என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள், உப்பளத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுச் செல்வி வந்தாள். வாளியோடு நின்ற என்னைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"என்னக்கா செய்யிறீக? வெயிலுக்குத் தண்ணிதான் வத்தும், உப்பு அங்கனயேதான் கெடக்கும். நாங்க பாத்தியில உப்பு வெளையத்தான் இப்பிடி ஊத்துவோம்!"

பிரிக்காமல் கிடந்த உப்பு அளக்கும் கருவியை அன்றுதான் எடுத்தேன். உப்பு எல்லை மீறியிருந்தது. கணவருக்கு மறுபடி போன் போட்டு, அவர் சொன்னபடி, அவசரப்படாமல், தினமும் கொஞ்சம் தொட்டி நீரை எடுத்துவிட்டுக் கேன் தண்ணீர் சேர்த்தேன். விளக்கு எரியும் நேரத்தையும் குறைத்தேன். பத்தாம் நாள் ஒரு விரல் விரிந்தது.

இப்போது தொட்டியில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டிருக்கிறேன். கேன் வந்ததும் முதல் செம்பு பவளத்துக்கு. அப்புறம்தான் எங்கள் தேநீருக்கு.