தேவாலயத்துக்கு இரண்டு ஏசி

தெர்மகோலை பிளேடால் அறுக்கும்போது எழும் "கிறீச்" சத்தம் எனக்கு இன்றும் பல்லைக் கூசவைக்கும். துபாய்க்குப் பக்கத்து ஊரான அல் ஐனில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த குளிர்காலத்தில் எங்கள் ஒற்றை அறை வீடு முழுக்க அந்தச் சத்தமும் பசை நாற்றமும்தான்.

பள்ளியின் ஒரே வெள்ளைக்கார டீச்சரான லிண்டா மிஸ், தான் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தைப் பாடமாக நடத்திவிட்டு, கண்காட்சிக்கு அதை மாடலாகச் செய்துவரச் சொல்லியிருந்தார்: தொள்ளாயிரம் வருடத்துத் தேவாலயம், வாத்துக் குளம், தபால் ஆபீஸும் பலசரக்கும் சேர்ந்த ஒரே கடை, வைக்கோல் வேய்ந்த கல் வீடுகள்.

ஏசி மெக்கானிக்கான அப்பா "டூட்டி" முடிந்து வந்து எல்லாவற்றையும் தானே வெட்டி ஒட்டினார். கடைசியில் தீப்பெட்டிகளுக்குச் சாம்பல் நிறம் அடித்து, வீட்டுக்கு ஒன்றும் தேவாலயத்துக்கு இரண்டுமாகச் சுவர்களில் மாட்டினார். மிஸ் காட்டிய படத்தில் ஏசி இல்லையே என்றேன். "வெள்ளைக்காரன் வில்லாவுல ஏசி அஞ்சு நிமிசம் நின்னா போன் மேல போன் போடுறான். சொந்த ஊர்ல மட்டும் ஏசி இல்லாம இருப்பானா பாப்பா?" என்றார். அவர் பார்த்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வியர்த்து வழிந்தவர்கள்தான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இங்கிலீஷ் பேச வேண்டுமே என்று பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், கண்காட்சியன்று மட்டும் எனக்காகக் கம்பெனிச் சட்டையோடு வந்து நின்றார். தேவாலயத்தில் ஏசியைப் பார்த்ததும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. அப்பா முகம் சுண்டிப்போனது. யார் மாட்டியது என்று மிஸ் கேட்டார். நான்தான் என்று சொல்லிவிடலாமா, அப்பாவைத் தெரியாததுபோல் நின்றுவிடலாமா என்று இரண்டு நினைப்பும் வந்தது. இரண்டாவதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதற்குள் அப்பாவே முன்னால் வந்து, "மீ, மேடம்" என்றார்.

மிஸ் சிரிக்கவில்லை. எங்கள் ஊருக்கு ஏசி வேண்டாம், ஜனவரியில் அந்தத் தேவாலயத்தில் உட்கார்ந்தால் விரலெல்லாம் விறைத்துவிடும் என்றார். தொழில் பேச்சு வந்ததும் அப்பாவின் பயம் போன இடம் தெரியவில்லை. "நோ பிராப்ளம், மேடம். சேம் மெஷின், ரிவர்ஸ். ஹாட் ஏர் கமிங்!" மிஸ் அசந்துபோய்க் கேள்விமேல் கேள்வி கேட்டார், சிரித்தவர்களும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நான், போன மாதம் அந்தக் கிராமத்துக்குப் போனேன். அல் ஐனில் எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், மாடல் எந்தக் குப்பைக்குப் போனதோ. இங்கேயும் அந்த ஒரே கடை மூடிக் கிடந்தது, குளத்தில் வாத்து இல்லை. தேவாலயம் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே நல்ல கதகதப்பு. வெளியே பின்பக்கம் போய்ப் பார்த்தால், சுவரோரம் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படமெடுத்து, ஊரில் ஓய்வாக இருக்கும் அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் போனில் அவர் குரல் வந்தது:

"சுவத்தோட ஒட்டி வச்சிருக்கான் பாரு, காத்து எப்படிப் போகும்? மாட்டுன வெள்ளைக்காரன்கிட்ட போனைக் குடு பாப்பா, நான் பேசுறேன்."