எட்டு மணிக்கு வரும் செய்தி

தேநீர்க் கேத்தலைச் செருக வேறு பிளக் இல்லாத காரணத்தால், எங்கள் அலுவலகச் சேர்வர் கணினியின் வயரைத் தினமும் காலை எட்டு மணிக்குக் கழற்றிக்கொண்டிருந்தவன் நான்தான். கப்பல் சரக்குப் பதிவுகள் ஏன் காலையில் நின்றுபோகின்றன என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில், கோளாறு கண்டுபிடிக்கும் மென்பொருளைப் பொருத்தத் துறைமுக வீதியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார்.

நரைத்த மனிதர். கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. காய்ச்சல் பார்ப்பதுபோல அடிக்கடி சேர்வரின்மேல் உள்ளங்கையை வைப்பார். அரை மணி நேரத்தில், கோளாறு என் தேநீர் நேரம்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்; ஆனால் திட்டவில்லை.

“இனிக் கழட்டாதேங்கோ. ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு ‘எல்லாம் சரி’ எண்டு இது மெசேஜ் அனுப்பும்” என்றபடி, அதில் எங்கள் அலுவலக நம்பரோடு தன் நம்பரையும் பதிந்தார்.

“எங்கட நம்பர் மட்டும் காணாதோ?” என்று கேட்டேன், இன்னொன்று எதற்கு என்று விளங்காமல்.

“காணும். ஆனா எனக்குக் காலமையில வேற ஆரும் ஒண்டும் அனுப்பிறேல்லை. அதுதான்.”

அன்றிலிருந்து கடைத் தேநீர்தான். இரண்டு வாரம் கழித்து, என் தியாகத்தையும் அந்த மனிதர் சொன்னதையும் பக்கத்து மேசைப் பெண்ணிடம் உருக்கமாகச் சொன்னேன்.

“அந்த மனிசன்ர நம்பர் உங்களிட்ட இருக்குத்தானே, சேர்” என்றார் அந்தப் பெண். “இவ்வளவு நாளில நீங்கள் ஒரு குட் மோர்னிங் எண்டாலும் போட்டனீங்களோ?”