ஹென்ட்ரிக்குக்குப் போட்ட சலாம்

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று பச்சை எனாமல் டின்னை நெம்பித் திறந்தேன். பிரஷ் எடுக்க உள்ளே போய்விட்டு வருவதற்குள் சின்னவள் டின்னுக்குள் விரலை விட்டு, வெள்ளையடித்த சுவரில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டாள். ஐந்து முனையும் அளந்து வைத்தது போல இருந்தது. "யாரு உன்னைய நட்சத்திரம் போடச் சொன்னது?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. அவள் அழவில்லை. "பூப் போட்டிருந்தா திட்டியிருப்பீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டியிருக்க மாட்டேன். ஏன் என்று அப்போது சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி, நடுவில் நீங்கள் மூன்று பேரும் "அப்புறம்? அப்புறம்?" என்று குறுக்கே விழ முடியாது.

அந்தப் பெயிண்டின் வாடைதான் முதல் குற்றவாளி. தேயிலை ஃபாக்டரியில் கொழுந்தை முறுக்குகிற ரோலர் மெஷினுக்கு அடிப்பதும் இதே பச்சைதான். நீங்கள் பிறந்து வளர்ந்தது ஏலப்பாறையில். அதற்கு முன்னால், எழுபதுகளில், நான் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரோலரில் நின்றேன். இருபத்திரண்டு வயது. படிப்பு எட்டாங்கிளாஸ். தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடுகளில் ஒரு அறையும் ஒரு அடுக்களையும் எங்கள் வீடு. அப்பா, அம்மா இருவரும் போன பிறகு நான் ஒருத்தன்தான்.

லயத்தில் எல்லாரும் தமிழ். துரை பங்களாவில் இங்கிலீஷ். தேவிகுளத்தில் இருக்கிற சர்க்கார் ஆபீஸ்களில் மலையாளம். ரேஷன் கார்டு விஷயமாக ஒரு மனுவை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டு போனேன். "மலையாளத்தில் கொண்டுவா" என்றார்கள். எஸ்டேட் ஆபீசில் கையெழுத்து வாங்கப் போனால், "இங்கிலீஷ்ல இருந்தாத்தான் தொரை பாப்பாரு" என்றார்கள். எனக்காக யாரோ எழுதித் தந்த காகிதத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என் மனுவை என்னைத் தவிர எல்லாரும் படித்தார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் பாலக்காட்டிலிருந்து குடை விற்க ஒரு ராவுத்தர் வந்தார். சட்டைப் பையில் ஒரு சின்னப் பச்சை நட்சத்திரம் குத்தியிருந்தார். கட்சிச் சின்னமா என்று கேட்டேன். "கட்சியெல்லாம் இல்லீங்க. எஸ்பெராந்தோன்னு ஒரு பாஷைங்க. இதெப் பேசறவங்க ஒருத்தரையொருத்தர் கண்டுக்கறதுக்காகக் குத்திக்கறதுங்க" என்றார். போலந்து நாட்டில் ஒரு கண் டாக்டர் உண்டாக்கியதாம். ஊர் கிடையாது, ராஜா கிடையாது. யாருக்கும் தாய்மொழியாக வைத்து உண்டாக்கியதில்லை, அதனால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது. ஒரு குடை வாங்கினேன். பத்துப் பாடங்கள் அச்சடித்த தாள்களைச் சும்மா கொடுத்தார். குடை அந்த வருஷமே கம்பி ஒடிந்துவிட்டது.

தனியாகப் படிக்க எனக்குப் பயம். செல்வராசுவைச் சேர்த்துக்கொண்டேன். நானும் அவனும் ஒரே லயத்தில் பிறந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவன் பத்து முடித்து எஸ்டேட் ஆபீசில் கிளார்க்கு ஆகிவிட்டான். அதன் பிறகு ஆபீஸ் ஜன்னலில் நான் அவனைச் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். சாயங்காலம் ஃபாக்டரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பாடம் படிக்கும்போது மட்டும் பழையபடி 'லே' போட்டுக்கொள்வோம்.

பொருள்களின் பெயரெல்லாம் 'ஓ' என்று முடிகிற மொழி அது. வீடு 'டோமோ'. நண்பன் 'அமீகோ'. தேயிலை 'டேஓ'. "என்னலே, பாஷை பூரா கூப்பாடு போடுற மாதிரியே இருக்கு" என்பான் செல்வராசு. ஆனால் அதிலே ஒரு சொல் எங்கள் இருவருக்கும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. 'சமிதேஆனோ.' ஒரே எண்ணம் உள்ளவன் என்று அர்த்தம். இந்த மொழிக்காரர்கள் கடிதத்தில் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். துரையும் அப்படித்தான், ரோலர்காரனும் அப்படித்தான்.

பிஸ்கட் டின் மூடியை வெட்டி இரண்டு நட்சத்திரம் செய்தேன். ரோலருக்கு வாங்கிய பெயிண்டில் தோய்த்துக் காயவைத்து, பின்னால் ஊக்கு பற்றவைத்தேன். ஃபாக்டரி சாமானைச் சொந்தத்துக்கு எடுத்தது அந்த ஒரு தடவைதான். செல்வராசு தன்னுடையதைச் சட்டையின் உட்புறம் குத்திக்கொண்டான். "ஆபீஸ்ல கேப்பாவலே" என்றான். நியாயம் என்று நினைத்தேன்.

ராவுத்தர் தந்த விலாசத்துக்கு எழுதிப் போட்டு, ஹாலந்திலிருந்து ஹென்ட்ரிக் என்று ஒருவர் எனக்குக் கிடைத்தார். அங்கே டிராம் வண்டியில் கண்டக்டர். முதல் கடிதத்தில், 'அன்புள்ள சமிதேஆனோ, நீங்கள் நாள் முழுக்க இலையை முறுக்குகிறீர்கள், நான் நாள் முழுக்க டிக்கெட்டில் ஓட்டை போடுகிறேன், மாலையில் நம் இருவர் கையும் ஒரே மாதிரிதான் வலிக்கும்' என்று எழுதியிருந்தார். எனக்கு 'அன்புள்ள' போட்டு வந்த முதல் கடிதம் அது. எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். மடிப்பு கிழிந்து நான்கு துண்டாகிவிட்டது.

எஸ்டேட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் தபால் பையில் ஆபீசுக்குத்தான் வரும். அங்கே பிரித்துக் கொடுப்பது செல்வராசு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மொழிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விலாசப் புத்தகம் ஒன்று போடுவார்கள். எந்த நாட்டிலிருந்து இந்த மொழி பேசுகிறவர் வந்தாலும் என் வீட்டில் தங்கலாம் என்று சம்மதிக்கிறவர்கள் அதில் பெயர் கொடுப்பார்கள். அதற்கான ஃபாரம் வந்தபோது நான் தயங்கினேன்.

"ஒத்தை ரூமுலே. எங்க படுக்கப் போடுவேன்?"

"லே, அவுக ரூமையா கேக்காவ? மனசத்தான கேக்காவ. எழுது" என்று பேனாவை என் கையில் திணித்தது செல்வராசுதான். தங்கக்கூடிய ஆட்கள்: ஒருவர். எத்தனை நாள்: இஷ்டம் போல. என் பெயர் ஹாலந்திலும் ஜப்பானிலும் அச்சில் வந்தது. ஏலத்தோட்டம் வைத்திருந்த ஐயாமார் பெயர்கூட வராத புத்தகம்!

அடுத்த வருஷம் ஹென்ட்ரிக் எழுதினார். பஸ்ஸிலும் ரயிலிலுமாக இந்தியாவுக்கு வருகிறாராம். பங்குனியில் ஒரு திங்கட்கிழமை எங்கள் எஸ்டேட். 'உங்களுக்கு என் பழைய டிக்கெட் பஞ்ச் கொண்டுவருகிறேன். அது போடுகிற ஓட்டை பிறை நிலா மாதிரி இருக்கும்.'

லயமே கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை சுண்ணாம்பு கரைத்து என் அறைக்கு அடித்தாள். டிரைவர் வீட்டிலிருந்து கட்டில் இரவல் வந்தது.

"ஏ மருமவனே, அந்தாளுக்குத் தமிழ் வருமா?"

"வராது அத்தை."

"ஒனக்கு அவரு பேச்சு வருமாக்கும்?"

"வரும்."

"அப்ப நீ வேலைக்குப் போனம்பெறவு நாங்க ரெண்டு பேரும் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

அதனால் எல்லாருக்கும் ஒரு சொல் கற்றுக்கொடுத்தேன். 'போன்வேனோன்.' நல்வரவு என்று அர்த்தம். கொழுந்துக் கூடையோடு போகிற பெண்கள் எதிர்ப்பட்டால்கூட "போன்வேனோன்!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அதற்கு ராகம் போட்டுவிட்டன.

ஒரு சிக்கல் இருந்தது. வெளியாள் யாரும் ஆபீசில் அனுமதி வாங்காமல் லயத்துக்கு வர முடியாது. "நான் பாத்துக்கிடுதேம்லே. நீ பத்து மணிக்கு ஆபீஸுக்கு வா. நானே ரெண்டு பேரையும் சேத்து வச்சி அனுப்புதேன்" என்றான் செல்வராசு. தொட்டி மேல் உட்கார்ந்துதான் சொன்னான். அன்று அந்த மொழியிலேயே வாக்குச் சொல்லி எனக்குக் கைகூடக் கொடுத்தான்.

திங்கட்கிழமை ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கினேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நட்சத்திரத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் ஆபீசுக்கு உள்ளே போவதில்லை. எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனாலும் போவதில்லை. வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டியதுதான். ஜன்னல் ஓரமாக நின்றேன்.

உள்ளே துரை உட்கார்ந்திருந்தார். எதிரே சிவந்து வெந்த முகமும் காக்கி நிஜாருமாக ஹென்ட்ரிக். கடிதத்தோடு அனுப்பிய படத்தில் பார்த்ததைவிடக் குட்டை. அவர் சட்டையிலும் பச்சை நட்சத்திரம். நடுவில் செல்வராசு, சட்டையின் உட்புறம் இருந்த நட்சத்திரத்தை அன்றைக்கு வெளிப்புறம் குத்தியிருந்தான். துரையிடம் இங்கிலீஷ், ஹென்ட்ரிக்கிடம் எங்கள் மொழி என்று மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தான். துரை அவனை ஒரு சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அவர் எந்தக் கிளார்க்குக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஹென்ட்ரிக் விலாசப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஒரு பெயரின் மேல் விரலை வைத்துக் கேட்டார். என் பெயர். அவர் வாயில் அது கொஞ்சம் கோணலாக வந்தது, ஆனாலும் என் பெயர்தான்.

செல்வராசு நிமிர்ந்தான். ஜன்னலில் என்னைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு அவர் பக்கம் திரும்பி, "லி நே ப்ளூ லோஜாஸ் சீ டீஎ, சமிதேஆனோ" என்றான்.

அவர் இப்போது இங்கே குடியிருக்கவில்லை, ஒரே எண்ணம் உள்ளவரே.

அந்த அறையில் துரைக்கு அது விளங்காது. எஸ்டேட்டில் ஆயிரம் பேருக்கும் விளங்காது. ஹென்ட்ரிக்குக்கும் எனக்கும் மட்டும் விளங்கியது. தொட்டி மேல் நான் எத்தனை தடவை திருத்தியும் தப்பாகவே பேசுகிறவன், அந்த வாக்கியத்தில் ஒரு பிழை விடவில்லை. நான் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டேன் என்றும் சொன்னான். இந்தக் கடிதமெல்லாம் தானே எழுதுவதாகத் துரையிடம் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஹெட் கிளார்க்கு இடம் காலியாகிற நேரம் அது.

ஹென்ட்ரிக் முகம் விழுந்துவிட்டது. பையைத் திறந்து டிக்கெட் பஞ்சை எடுத்தார். இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள் என்று செல்வராசுவின் கையில் கொடுத்தார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அப்பா என்று. 'சலூடோன்' என்று ஒரு வணக்கம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூவரும் எழுந்து வெளியே வந்தார்கள். துரை முன்னால். என் கை தானாக எழுந்து நெஞ்சில் இருந்த நட்சத்திரத்தை மூடிக்கொண்டது. ஹென்ட்ரிக் எனக்கு ஒரு முழம் தூரத்தில் வந்தபோது, மற்ற கையால் நான் சலாம் போட்டேன். துரைக்குப் போடுவது போலவே, குனிந்து.

அவர் நின்று என்னைப் பார்த்தார். "குட் மார்னிங்" என்றார், இங்கிலீஷில். ஜீப் பங்களாவுக்குப் போய்விட்டது. அன்று அவர் செல்வராசுவின் குவார்ட்டர்ஸில் தங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

லயத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கையில் அரளிப்பூ. "எங்கலே விருந்தாளி?" என்றாள் பேச்சியம்மா அத்தை. "வரலை அத்தை. ஒடம்பு சரியில்லையாம்" என்றேன். அன்றைய இரண்டாவது பொய் என்னுடையது. அதன் பிறகு ரொம்ப நாளைக்கு என் பெயரே 'போன்வேனோன்' ஆகிவிட்டது. "போன்வேனோன், கட்டிலத் திருப்பிக் கொடுத்தாச்சா?" அத்தை மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை.

அந்த வாரமே, மனு எழுதியது போல ராத்திரி உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஹென்ட்ரிக்குக்கு எழுதினேன். தேவிகுளம் வரை நடந்து போய்ப் பெட்டியில் போட்டேன். பதில் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் ஆபீஸ் பைக்குள்தான் வந்திருக்கும்.

செல்வராசு ஹெட் கிளார்க்கு ஆனான். லீவுச் சீட்டு, கேட் பாஸ் எல்லாவற்றுக்கும் அவன்தான் ஓட்டை போட்டுத் தருவான். ஜன்னலில் எனக்கு வந்த ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சின்னப் பிறை நிலா இருந்தது. ஒரு தடவை, "இது என்ன ஓட்டை, சார்?" என்று கேட்டேன். அவன் தலை நிமிராமல், "அடுத்த ஆளு" என்றான்.

மறு மழைக்காலம் ராவுத்தர் வந்தார். என்னைப் பார்த்ததும் குடையைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, நீங்க ஊரெ உட்டே போயிட்டதா எழுதி வந்துச்சுங்களே?" என்று புதுப் புத்தகத்தைக் காட்டினார். என் பெயர் இருந்த இடத்தில் செல்வராசு. தங்கக்கூடிய ஆட்கள்: நான்கு பேர். நான் அந்தத் தடவை குடை வாங்கவில்லை. நட்சத்திரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். அதே வருஷக் கடைசியில் ஏலப்பாறைக்கு வேலை மாறி வந்துவிட்டேன்.

இவ்வளவுதான் நட்சத்திரத்தின் கதை. சுவரில் இருப்பதை அழிக்க வேண்டாம் என்று சின்னவளிடம் சொல்லிவிட்டேன். அழிக்கச் சொன்னாலும் எனாமல் போகாது.

போன வருஷம் வேலையாகத் தேவிகுளம் போனவன், ஆசை கேட்காமல் பழைய எஸ்டேட் வரைக்கும் நடந்தேன். ஃபாக்டரி பூட்டிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் புல். ஆபீஸ் கட்டடம் டூரிஸ்டுகள் தங்குகிற இடமாகிவிட்டது; அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். லயத்தில் எங்கள் வரிசையே இல்லை. இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேன், மலையாளத்துக்காரப் பையன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். எனக்கு என்ன தோன்றியதோ, என் பெயரையே சொன்னேன்.

அவன் மரியாதையாக யோசித்துப் பார்த்துவிட்டு, "அங்ஙனெ ஒராள் இவிடெ தாமசம் இல்லல்லோ, சேட்டா" என்றான்.

அப்படி ஒருவர் இங்கே குடியிருக்கவில்லையே, அண்ணா.