தூங்கி எழுந்தால் எண்ணை மறந்துவிடுகிறது

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் வயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சேர்ந்தது முன்மேசையில், நோயாளிகளின் பெயரும் வயதும் தட்டச்சு செய்கிற வேலைக்கு. ஒருநாள் பிரிண்டரின் வயர் கழன்று கிடந்ததைப் பார்த்து எடுத்துச் செருகிவிட்டாள். அன்றோடு அந்த வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று மாடி, பதினெட்டு கம்ப்யூட்டர்; எது நின்றாலும் "வயரக்காவைக் கூப்பிடு". இரண்டு வருடத்தில் அவளுக்கென்று ஓர் அறை வந்தது. ஜன்னல் இல்லாத அறை, முன்பு துடைப்பம் வைத்திருந்த இடம். கதவில் 'கணினிப் பிரிவு' என்று ஒட்டியிருந்தார்கள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான். வீட்டைப் பெருக்காவிட்டாலும் அந்த அறையை தினமும் பெருக்குகிறாள் என்று அவள் கணவர் சொல்லிக்காட்டுவார். பொய்யில்லை.

எட்டு வருடத்துக்கு முன் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாற்றச் சொன்னவளும் அவள்தான். வைரஸ் தொல்லை கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும், இலவசம். மேலாளர் கடைசிச் சொல்லைக் கேட்டதுமே சரி என்றுவிட்டார். நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு புதிய பதிப்பு வந்தது.

அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க்கில் மாறாத எண் ஒன்று உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. ரத்தத்தை அலசுகிற இயந்திரம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவை அனுப்பும். எண்ணைப் பதிந்து வைக்க லினக்ஸில் ஒரு சிறு மென்பொருள் இருந்தது. அதைத் திறந்தால் நாலு கட்டம். எண்ணை அடித்துச் சேமித்தால் தீர்ந்தது. புதிய பதிப்பில் அது கெட்டுப்போயிற்று. கம்ப்யூட்டர் சற்று நேரம் யாரும் தொடாமல் தூங்கிவிட்டால், எழும்போது தன் எண்ணை மறந்து, வாய்க்கு வந்த வேறோர் எண்ணோடு எழுந்து உட்கார்ந்தது. ஊழியர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிவுகள் போகுமிடம் தெரியாமல் நின்றன. வயரக்கா மாடி ஏறி, எண்ணைத் திரும்ப அடித்துவிட்டு இறங்குவாள். இறங்குவதற்குள் கீழே இன்னொன்று தூங்கியிருக்கும்.

தூங்கவே விடாமல் வைத்துப் பார்த்தாள். பழைய மெஷின்கள் சூடேறித் தாமாகவே அணைந்தன. முந்தைய பதிப்புக்குப் போகலாம் என்றால், ரத்தம் அலசும் இயந்திரத்துக்குப் புதியதுதான் ஒத்துவந்தது. கடைசியில், அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் பயனர்களின் கருத்துகளை வாங்கும் இணையப் பக்கத்தில் ஒரு புகார் எழுதினாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று மதிய இடைவேளைகள் சாப்பாட்டோடு சாப்பாடாக எழுதிய புகார். மெஷினின் வகை, மென்பொருளின் பதிப்பு, தான் செய்தது, நடந்தது, நடந்திருக்க வேண்டியது. தொடக்கத்தில் ஒரு நன்றி, முடிவில் ஒரு நன்றி.

முதல் பதில் இரண்டே நாளில் வந்தது: "எனக்கு வேலை செய்கிறது." அவ்வளவுதான். அடுத்தவர் எந்தப் பதிப்பு என்று கேட்டார். அதை இரண்டாம் வரியிலேயே சொல்லியிருந்தாள், மறுபடி சொன்னாள். மூன்றாமவர், இதற்கெல்லாம் எதற்கு ஜன்னலும் கட்டமும், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரியாதா என்றார். நாலாமவர், இது சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை, மரியாதையோடு கேட்கவும் என்று புத்தி சொன்னார். தான் எங்கே மரியாதை குறைத்தோம் என்று அவள் தன் புகாரை வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். பிறகு நாற்பத்தொரு பேர் வந்து, தங்களுக்கும் இதே தொல்லை என்று கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டைவிரல்களைத் தவிர அங்கே ஒன்றும் அசையவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். தொண்ணூறு நாள் யாரும் எதுவும் எழுதாவிட்டால், ஒரு தானியங்கி வந்து புகாரை மூடிவிடும். குறை தீர்ந்ததா என்று அது பார்க்காது. யாரும் பேசவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்பது அதன் கணக்கு. மனிதர்களும் பெரும்பாலும் அப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். அதனால் எண்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அவள் அங்கே போய் "இன்னும் இருக்கிறது" என்று எழுதிவிட்டு வருவாள். வீட்டுக் காலண்டரில் அந்த நாட்களுக்கு வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர். விரலில் எப்போதும் பசை காய்ந்திருக்கும், வாய் மட்டும் ஒட்டாது.

"என்ன, இன்னிக்கு வட்டம் போட்ட நாளா?"

"ஆமா."

"உன் புகாருக்கு நாலு வயசாச்சு. பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம்."

"சேர்க்கலாம். அப்பா பேருக்கு உங்க பேரைப் போடட்டுமா?"

"என்னை எதுக்கும்மா இழுக்கறே? கண்ணுலயே படாம எவனோ இருக்கானே, அவன் பேரைப் போடு."

அவள் சிரித்தாள். ஆனால் எழுதுவதை விடவில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று நம்பாதவர்கள் புகார் எழுதுவதில்லை, திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒருநாள் காலை மருத்துவமனையிலிருந்து மேலாளருக்குப் போன் வந்தது. அறுவை சிகிச்சைக்குத் தயாராக ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு, ரத்த முடிவுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார்களாம். முடிவு இரண்டாம் மாடியில், எண் மறந்த கம்ப்யூட்டருக்காகக் காத்துக் கிடந்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டார். கணக்கரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளாம்மா இந்தத் தொல்லை?"

"நாலு வருஷமா இருக்கு சார்."

"யார்கிட்ட சொன்னே?"

"அதை எழுதறவங்களுக்கே எழுதியிருக்கேன் சார்."

"யாரு அவங்க?"

"பேரு தெரியாது சார்."

"பேரு தெரியாத ஆளுக்கு நாலு வருஷமா கடுதாசி எழுதியிருக்கே!" கணக்கர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது, ஒத்துக்கறேன். ஆனா மாடு முட்டுதேம்மா. வெளிக் கம்பெனி ஒண்ணு வந்து பேசிட்டுப் போச்சு. மெஷின், மென்பொருள், பராமரிப்பு எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க."

அப்படியானால் கணினிப் பிரிவு இல்லை. அவளுக்குப் பழையபடி முன்மேசை.

"அடுத்த பதிப்புல சரியாயிடும் சார். ஒரு மாசம் குடுங்க."

எதை வைத்துச் சொன்னாள்? யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தில் "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தார். பார்க்கலாம் என்பதை அவள் வாக்காக எடுத்துக்கொண்டாள். முகம் தெரியாதவர் சார்பில் முகம் தெரிந்தவரிடம் தவணை வாங்கினாள். பதிப்பு சொன்ன தேதிக்கு வந்தது. கட்டங்களின் ஓரத்தை வளைத்து அழகாக்கியிருந்தார்கள். நிறமும் மாறியிருந்தது. தூங்கி எழுந்ததும் எண் மட்டும் முன்போலவே மறந்தது.

பதினெட்டு மெஷின்களும் ஒரே லாரியில் பழைய சாமான் கடைக்குப் போயின. அவள் அறையில் சாம்பிள் டப்பாக்களை அடுக்கினார்கள். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை யாரும் கிழிக்கக்கூட இல்லை. முன்மேசையில் அவள் மறுபடி பெயரும் வயதும் கேட்க ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் நின்றால் வெளிக் கம்பெனிக்குப் போன் போனது. வயரக்கா என்ற பெயர் மட்டும் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு முதியவர் சர்க்கரைப் பரிசோதனைக்குச் சீட்டு நீட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், அவள் கைப்பேசிக்கு மின்னஞ்சல் வந்தது. அந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருவர். "நான்கு ஆண்டுகளாகப் பொறுமையாக எழுதி வந்திருக்கிறீர்கள். இரண்டு மாதமாக இதையே தோண்டிக்கொண்டிருந்தேன். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வகை மெஷின் என்னிடம் இல்லை. திருத்தத்தை உங்கள் மெஷினில் போட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா? பதினான்கு நாளில் பதில் இல்லையென்றால் புகாரை மூடிவிடுவேன்."

"சீட்டைப் பாரும்மா," என்றார் முதியவர்.

மறுநாள் பழைய சாமான் கடைக்குப் போனாள்.

"அந்தப் பதினெட்டா? போர்டு தனி, டப்பா தனின்னு பிரிச்சு அனுப்பியாச்சே. டப்பா ரெண்டு கிடக்கு, வேணுமா?"

"வெறும் டப்பாவை வெச்சு என்னங்க பண்றது?"

"அதைத்தானே நானும் யோசிச்சிட்டிருக்கேன்," என்றார் கடைக்காரர்.

வீட்டில் அவளுக்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் உண்டு, வேறு வகை. அதில் இந்தக் குறை ஒருநாளும் வந்ததில்லை. பன்னிரண்டாம் நாள் திருத்தத்தை அதில் போட்டாள். தூங்க விட்டாள், எழுப்பினாள். எண் அப்படியே இருந்தது, என்றைக்குத்தான் இல்லை? "சோதித்தேன். வேலை செய்கிறது" என்று எழுதினாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எந்த மெஷின் என்று மட்டும் சொல்லவில்லை. நான்கு வருடம் சுமந்தது 'புகார்தாரர் பதில் தரவில்லை' என்ற காரணத்தோடு மூடப்படுவதை அவளால் தாங்க முடியவில்லை. தீர்ந்தது என்ற சொல்லோடு அது முடிய வேண்டும். அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மன்றாடிக் கேட்டபோது வராதது இப்போது வந்தது. புதிய பதிப்பின் குறிப்பில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், பெயரைப் போட்டு. கணவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடலாம் போலிருக்கே, அரசன் பதில் போடறானே!" என்றார். அவள் காய் நறுக்கினாள்.

பத்தொன்பது நாள் கழித்து வேறொருவர் எழுதினார். ஒரு மருந்தகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். "எங்களிடம் பன்னிரண்டு மெஷின், நீங்கள் எழுதிய அதே வகை. இந்தப் பதிப்பு வந்த பிறகு தூங்காமலே எண்ணை மறக்கிறது. நீங்கள் எந்த மெஷினில் சோதித்தீர்கள்?"

"பேசாம இரு," என்றார் கணவர். "உன்னை யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"அந்த ஆளு தினமும் பன்னிரண்டு மெஷினைப் பார்க்கறாருங்க."

"உனக்கு யாரு இரக்கப்பட்டாங்க?"

அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முதல் புகாரை எழுதியது போலவே வரிசையாக எழுதினாள்: மெஷினின் வகை, அது வேறு வகை என்பது, பழையவை கைவிட்டுப் போய்விட்டன என்பது, அதைத் தான் சொல்லாமல் மறைத்தது.

மென்பொருள்காரரின் பதில் மறுநாள் வந்தது. "திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். உங்கள் சொல்லை நம்பித்தான் அதை வெளியிட்டேன். இனி இந்தக் குறையை நான் தொடப்போவதில்லை." புகார் மூடப்பட்டது. இந்த முறை மூடியது தானியங்கி இல்லை. நான்கு வருடத்தில் அதற்காக உட்கார்ந்து உழைத்த ஒரே மனிதர்.

மருந்தகக்காரர் அவளுக்குத் தனியாக எழுதினார். கோபமாகக்கூட இல்லை. "அவரும் போய்விட்டார். மாத முடிவுக்குள் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?"

முன்மேசையில் கூட்டம் இல்லாத மதிய நேரம். மன்னிப்பு என்று ஆரம்பித்து, அழித்தாள். புதிய புகார் எழுதச் சொல்லலாமா என்று யோசித்து, அதையும் எழுதவில்லை. கடைசியில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதினாள். எல்லா எண்களையும் ஓர் அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை அடித்ததும் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள், திரையை நம்பாதீர்கள். ஒரு மெஷினுக்கு இரண்டு நிமிடம் போதும். மாடி இருந்தால் மேலிருந்து ஆரம்பியுங்கள், முழங்கால் அவ்வளவு வலிக்காது.