வண்டி இல்லாத வீடுகள்

அன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர். பேருந்துத் திட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி. அவருடைய டிரைவர். துடியலூருக்கு மேற்கே அடுத்தடுத்து இருக்கும் ஐந்து ஊர்களிலிருந்து ஊருக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று பத்துப் பேர்; எங்கள் ஊருக்கு வார்டு மெம்பரும் நானும். பதின்மூன்றாவது, டீ கொண்டு வந்த என் பக்கத்து வீட்டு அக்கா. டம்ளர்களைத் திரும்ப வாங்கிப் போகவேண்டும் என்று சொல்லி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவள். டவுன் பக்கம், கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறேன். அரசாங்கக் காகிதம் எதைப் பார்த்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அன்று சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து முந்தானையே ஈரமாகிவிட்டது.

பேச்சு, ஐந்து ஊரையும் சுற்றி மெயின் ரோட்டுக்கு வரப்போகும் மின்சார மினி பஸ்ஸைப் பற்றி. தனித்தனியாகக் கேட்டபோது எந்த ஊருக்கும் கிடைக்கவில்லை. ஐந்தும் சேர்ந்து கேட்ட பிறகுதான் அதிகாரி இவ்வளவு தூரம் வந்திருந்தார். காலை ஏழு மணிக்கு முதல் நடை. அது எங்கள் ஊருக்குள் வந்தால் எட்டரைக்குப் பட்டறையில் இருப்பேன். வராவிட்டால் மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடந்து, அங்கே வருகிற பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அந்த மாதத்தில் மட்டும் நான்கு நாள் தாமதம். "இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறேன் அம்மணி" என்று முதலாளி சொல்லியிருந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகச் சொன்னார், அதனால்தான் தூக்கம் போனது.

அதிகாரி பஸ் போகும் வழியின் படத்தைச் சுவரில் ஒட்டினார். பச்சைக் கோடு நான்கு ஊர்களைத் தொட்டுக்கொண்டு போனது. எங்கள் ஊரை விட்டு விலகி ஓடியது.

"அஞ்சு ஊரும் சுத்துனா நடைக்கு அம்பது நிமிஷம் ஆகுது. நடுவுல சார்ஜ் போட நேரம் பத்தல. அதனால சொந்த வண்டி அதிகமா இருக்கற ஊரை விட்டுட்டோம். இந்த ஊர்ல வண்டி இல்லாத வீடு ரெண்டே ரெண்டுதான்" என்றார்.

கிழக்கு ஊர்க்காரர் சிரித்தார். "பணக்கார ஊருங்க மேடம். இவங்களுக்குப் பஸ் எதுக்குங்க, பிளேனே எறக்கிப்போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மெம்பரும் சிரித்தார், என்ன செய்வதென்று தெரியாமல்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கணக்கெடுக்க வந்தவர் ரேஷன் கடை வரிசையில் வைத்துத்தான் எடுத்தார். "உங்க ஊட்ல வண்டி இருக்குதுங்களா?" என்று ஒவ்வொருவரையும் உரக்கக் கேட்டார். முன்னாலும் பின்னாலும் சொந்தக்காரர்களும் சம்பந்தி வீட்டாரும் நிற்கும்போது இல்லை என்று யார் சொல்வார்கள்? கோழி அடைகிற மொபெட்டும் வண்டியானது. மகன் திருப்பூருக்கு எடுத்துப்போன பைக்கும் வண்டியானது. என் முறை வந்தபோது நானும், "இருக்குதுங்க, சர்வீஸுக்கு உட்டிருக்கறேன்" என்றேன்.

சர்வீஸும் இல்லை, ஒன்றும் இல்லை. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிய மாதத்தோடு ஸ்கூட்டிக்குத் தவணை நின்றுபோயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் ஃபைனான்ஸ்காரர்கள் பட்டறை வாசலிலேயே அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதிகாரி, படம் அன்று மாலையே மேலே போகவேண்டும் என்று சொல்லி, கையெழுத்துப் போடும் தாளைச் சுற்றுக்கு விட்டார். நான்கு ஊரும் போட்டாயிற்று. மெம்பர் பேனாவைத் திறந்துகொண்டு என் பக்கம் குனிந்தார். "போட்டுக் குடுத்துப்போடலாம் அம்மணி. பொறவு மனு எழுதிக்கலாம்."

பொய்க்கணக்குச் சொன்னதற்கு ரேஷன் கார்டை வெட்டிவிடுவார்களோ? ஃபைனான்ஸ் விஷயம் மகளுக்கு வரன் பார்க்கும்போது வந்து நிற்குமோ? நாளைக் காலை மறுபடி தாமதமானால்? மூன்றும் ஒன்றாகத் தலைக்குள் ஓடின. மெம்பர் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போடும்போது என் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், அந்தக் கணக்கு தப்புங்க. வண்டி இல்லாத ஊடு மூணுங்க."

"மூணாவது யாரு?"

"எங்க ஊடுங்க."

மெம்பர் திரும்பினார். "சர்வீஸ்ல இருக்குதுன்னு சொன்னீங்களே அம்மணி?"

வாசற்படியிலிருந்து அக்கா சொன்னார். "ஏனுங்க மெம்பரே, ஒரு ஸ்கூட்டிய ரெண்டு மாசமாப் பாக்கற சர்வீஸு எங்கீங்க இருக்குது? ஊருக்கே தெரியும். கேட்டா சங்கடப்படுவாளேன்னு உட்டுப்போட்டோம்." பிறகு அதிகாரியைப் பார்த்து, "எங்கூட்டு மொபெட்டையும் கணக்குல இருந்து அடிச்சுருங்க மேடம். அதுல கோழிதான் ஏறுது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மெம்பர் பேனாவை மூடினார். "எம் பையன் பைக்கும் திருப்பூர்லதானுங்க கெடக்குது" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க மேடம். ஊடூடாப் போயித் தனியாக் கேட்டு எழுதிட்டு வாரேன்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்குள்ள என் மேசைக்கு வரணும். சும்மா 'வண்டி இல்லை'ன்னு மட்டும் எழுதக் கூடாது, காரணம் வேணும்." என் பக்கம் திரும்பினார். "உங்க வண்டி எப்ப திரும்ப வரும்?"

"பாக்கி கட்டுனாத்தானுங்க."

"எவ்வளவு?"

வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொல்லாத தொகை அது. பன்னிரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பதினெட்டாயிரத்து நானூறுங்க" என்றேன்.

மறுநாள் மெம்பர் கொண்டுபோன தாளில் இருபத்தாறு வீடுகள் இருந்தன. காலையிலும் மாலையிலும் மட்டும் பஸ் எங்கள் ஊருக்குள் வருகிறது. மதிய நடை வெளியோடு போய்விடுகிறது. பட்டறையில் என் இடம் இருக்கிறது. ஸ்கூட்டியை ஏலத்துக்கு விடவேண்டாம் என்று ஃபைனான்ஸ்காரர்களிடம் கெஞ்சி, மாதாமாதம் கட்டுகிறேன். கட்டக் கட்ட இன்னொரு பயம் வருகிறது. வண்டி வீட்டுக்கு வந்துவிட்டால் எங்கள் வீடு மறுபடி 'இருக்குது' கணக்கில் ஏறிவிடும். அடுத்த கணக்கெடுப்பில் நிறுத்தத்தை எடுத்துவிட்டால்? அக்காவிடம் சொன்னால் சிரிக்கிறார். இந்த மாதம் கட்டியதுபோக இன்னும் பாக்கி ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.