கரவனுக்கு மினுக்கம் ஏற்றப் போன ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே தென் லண்டனில் எங்கள் ஊரான சட்டன் ஸ்டேஷனில் நின்றேன். கையில் புட்டும் மீன்குழம்பும் வைத்த பை. தேவாலயத்தில் பூசைக்குப் போகாமல் எங்கே புறப்பட்டுவிட்டாய் என்று கணவர் கேட்டிருந்தார். அண்ணனின் வீட்டைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லண்டனைச் சுற்றிப் பார்த்து எழுதுகிறவர்கள் பாலத்தையும் அரண்மனையையும் பற்றிப் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டார்கள். நான் போன இடத்துக்கு யாரும் ஆசைப்பட்டு டிக்கெட் எடுக்க மாட்டார்கள். சட்டனிலிருந்து விக்டோரியா, அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் பாதாள ரெயினில் அப்டன் பார்க், பிறகு ஒரு பஸ், பிறகு லொறிகள் ஓடும் தெருவில் ஒரு மைல் நடை. அங்கே பழைய டயர்களுக்கும் துருப்பிடித்த வான்களுக்கும் நடுவில் ஒரு கரவன் நிற்கிறது. காருக்குப் பின்னால் கொளுவி விடுமுறைக்கு இழுத்துப் போகிற சின்ன பைபர் வீடு. மற்றவர்கள் அதில் கடற்கரையில் இரண்டு கிழமை இருந்துவிட்டு வருவார்கள். என் மூத்த அண்ணன் அருள் இரண்டு வருடமாக அதிலேயே குடியிருக்கிறார்.

அண்ணன் கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு மீன்கடையில் மீன் வெட்டுகிறார். வாடகைக்கு இருந்த அறையை வீட்டுக்காரர் விற்றபோது, கடை முதலாளி தன்னிடம் சும்மா கிடந்த கரவனைக் கொடுத்தார். அது நிற்கும் யார்ட்டின் சொந்தக்காரர் டெரி முதலில் கண்டும் காணாமல் விட்டார். இப்போது எதிரே புது பிளாட்டுகள் எழும்பிவிட்டன. பல்கனியில் நின்று கோப்பி குடிக்கிறவர்களுக்குப் பாசி பிடித்து வெளுத்த கரவன் கண்ணை உறுத்துகிறதாம். ஞாயிறு பின்னேரம் வந்து பார்ப்பேன், இப்படியே இருந்தால் திங்கள் காலை இழுத்துக்கொண்டு போய் உடைத்துவிடுவேன் என்று டெரி சொல்லியிருந்தார். உடைத்தால் அண்ணனுக்குப் படுக்க இடம் கிடையாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் ஏணியில் நின்று கூரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்திட்டியே பிள்ளை? தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொடங்குவம்."

"தேத்தண்ணி பேந்து. முதல்லை சுவரைக் காட்டுங்கோ."

தடவிப் பார்த்தேன். விரலெல்லாம் வெள்ளை மா. பைபருக்கு மேலே ஜெல்கோட் என்று ஒரு மினுங்கும் பூச்சு உண்டு. வெயிலிலும் மழையிலும் கவனிப்பாரில்லாமல் நின்றால் அது இப்படித்தான் மாவாகிவிடுமாம். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் பாசியைப் போக்கவேண்டும். பிறகு மினுக்கும் பசை பூசி மெஷினால் பதமாகத் தேய்க்கவேண்டும். கடைசியில் மெழுகு பூசினால் மறுபடி வெயில் தின்னாது. கார் மினுக்கும் வேலை செய்யும் ஒருவர், எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர், மெஷினையும் பசை, மெழுகு டின்களையும் கொடுத்து எல்லாம் சொல்லி விட்டிருந்தார்.

கதவுப் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சுவரில் என் முகம் தெரிந்தது. தலைமயிரெல்லாம் மாவும் பசையுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தியானத்துக்குள், மெழுகைத் தவிர, மூன்று பக்கம் முடிந்தது. புட்டைக் குழைத்துச் சாப்பிட்டபடி, இனி டெரி வாயைத் திறக்க மாட்டார் என்று இருவரும் பெருமை பேசினோம்.

மிச்சம் முன்பக்கம். பிளாட்டுக்காரர்கள் பார்ப்பது அதைத்தான். அங்கே எவ்வளவு பசை போட்டும் மினுக்கம் வரவில்லை. அண்ணன் உள்ளே போய் முரட்டு சான்ட்பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்து மெஷினில் மாட்டினார்.

"அண்ணை, உது மரத்துக்குப் போடுறதெல்லே?"

"மன்னாரிலை எத்தினை பைபர் போட்டை உதாலை உரஞ்சியிருப்பன். நீ எனக்குப் படிப்பிக்கிறியே?"

அதுவும் உண்மைதான். இளவயதில் அவர் மன்னாரில் போட் திருத்தியவர். மீன்பிடிக்கிற போட்டின் தோல் தடிப்பு. உரஞ்சிவிட்டு அதன்மேல் நீலப் பெயின்ற் அடித்து, புனித அந்தோனியாரின் பெயரை எழுதிக் கடலில் இறக்கிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் கையை அழுத்தினார். கரவனின் தோல் எவ்வளவு மெல்லியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெள்ளை போய் மஞ்சள் தெரிந்தது. மஞ்சளும் போய் சாக்குத் துணி போல நார்ப் பின்னல் தெரிந்தது. நிப்பாட்டுங்கோ என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்குவதற்குள், முன்பக்கத்தில் ஒரு கதவளவு இடம் மொட்டையாகிவிட்டது.

"பெயின்ற் அடிச்சால் மறைஞ்சிடும்," என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. கடைச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற் கொஞ்சம் இருந்தது. அவசரம் அவசரமாக அடித்தோம். முன்பு பூசிய பசையின் எண்ணெய்ப் பிடிப்பில் அது ஒட்டவில்லை. திரைந்து திரைந்து கீழே வழிந்தது.

கரவன் அந்தக் கோலத்தில் நிற்கும்போதுதான் டெரி வந்தார். மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். முன்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். இது முன்பு இருந்ததைவிட மோசம், எனக்கும் வேறு வழியில்லை, காலையில் வண்டி வரும் என்றார். இன்னும் ஒரு கிழமை தரச் சொல்லிக் கெஞ்சினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதனாக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

"எங்கடை வீட்டுக்கு வாங்கோ அண்ணை."

"ரெண்டு அறையிலை அஞ்சு பேர் இருக்கிறியள். என்னை எங்கை படுக்க விடப்போறாய்? நான் கடையிலை படுப்பன்."

"அங்கை மீன் வைக்கிற குளிர் அறை மட்டுந்தானே இருக்கு?"

அவர் மெழுகு டின்னைத் திறந்து, மினுங்கிக்கொண்டிருந்த கதவுப் பக்கத்தில் பூசத் தொடங்கினார்.

"நாளைக்கு உடைக்கப் போகினம். இனி ஏன் மெழுகு?"

"ரெண்டு வருசம் இது என்னை நனைய விடேல்லை. ஊத்தையோடை அனுப்ப ஏலாது, பிள்ளை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு துணியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போய்த் துடைத்தேன். பொழுது சாயும்போது, நாளைக்கு வேலையெல்லே, போ என்று என்னை அனுப்பிவைத்தார். ரெயினில் யாரிடமும் முகம் கொடுக்க முடியாமல் குனிந்தபடி வந்தேன்.

சட்டனில் இறங்கி, வாசலில் கதவுத் திறப்பைப் பைக்குள் தேடியபோதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டு முன்சுவரிலும் பூச்சு உரிந்து, பாசி படர்ந்துதான் கிடக்கிறது. அதற்காக எங்களை யாரும் எழும்பிப் போகச் சொன்னதில்லை.