நான் பதில் சொல்லிவிட்ட கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆலோசனை உளவியல் முதுகலை இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன்.

பள்ளியில் யாருக்கு என்ன மனக்கஷ்டம் என்றாலும் ஸ்டாஃப் ரூமில் என் மேஜைக்குத்தான் வருவார்கள். ஆறுதல் சொல்வதில் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தேன். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது. எங்கள் பயிற்சியை மேற்பார்வை பார்த்த ஆசிரியைக்கே என்னைவிடப் பத்து வயது குறைவு. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேம் என்பேன்.

இரண்டாம் வருடம் வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பழைய பீரோக்கள் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி கொடுத்திருந்தார்கள். வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைக் கேட்டு, அவர் சொன்னது, நாங்கள் சொன்னது, நடுவில் எத்தனை நொடி யாரும் பேசவில்லை என்பதுவரை ஒன்று விடாமல் எழுதி மேமிடம் கொடுக்க வேண்டும். எழுதி முடித்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். முக்கால் மணி நேரப் பேச்சை எழுத ஐந்து மணி நேரம் ஆகும்.

நான் அதுவரை கொடுத்திருந்த இரண்டு பிரதிகளிலும் மேம் பென்சிலால் ஒரே வரியை எழுதியிருந்தார்: 'நீங்க நிறைய பேசறீங்க.' வயது குறைந்த பெண், வாழ்க்கை அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டு அந்த வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் புதன்கிழமை ஒரு பெண் வந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். தூக்கமில்லை, வயிற்று வலி என்று இரண்டு மூன்று தடவை டாக்டரைப் பார்த்திருக்கிறார். எல்லாப் பரிசோதனையும் செய்து, ஒன்றுமில்லை, போய்ப் பேசிப் பாருங்கள் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். ஊரில் பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவுக்குப் போகிறவர். கணவர் முந்தின வருடம் ஐப்பசியில் மின்சாரம் தாக்கி இறந்துவிட்டார். ஒரே மகள், விடுதியில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்கிறாள். தங்கை பக்கத்து ஊரில்.

நன்றாகப் பேசினோம். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. போகும்போது கையைக் கூப்பி, "அப்ப சரிங்க மேடம்" என்றார். முகம் வரும்போது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. என் நோட்டில் 'நன்றாகப் போனது' என்று எழுதி வைத்தேன்.

மறுநாள் காலையில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். மின்விசிறிச் சத்தம், வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம், அதற்கு நடுவில் எங்கள் இரண்டு பேர் குரல். பத்து நிமிடத்துக்கான பேச்சை எழுதி முடித்தபோதே தாளைப் பார்த்தால் என் வரிகள்தான் நிறைய இருந்தன. சரி, இதையும் பென்சிலால் எழுதப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபதாவது நிமிடத்தில் அவர் ஒரு விஷயம் சொல்கிறார். வீட்டில் சேர்த்து வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் தங்கை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். மகளுக்கு ஆகும் என்று. நான், "நல்ல காரியம்மா. வீட்டுல சாமான் குறைஞ்சா மனசும் லேசாகும்" என்கிறேன். முந்தின நாள் இது என் காதில் ஒரு நல்ல பதிலாகத்தான் விழுந்திருந்தது.

முப்பத்தோராவது நிமிடம். அதை எழுதியபடியே இங்கேயும் தருகிறேன்.

அவர்: நான் இல்லாட்டியும் நடவு நடக்கும்ல மேடம்?

நான்: கண்டிப்பா நடக்கும். நீங்க இல்லாட்டியும் எல்லாம் அது பாட்டுக்கு நடக்கும். நீங்க ஏன் எல்லாத்தையும் தலையில தூக்கிப் போட்டுக்கிறீங்க?

அதற்குப் பிறகு எட்டு நொடி மௌனம். எட்டு நொடி கழித்து நான், ராத்திரி படுக்கப் போகும்போது செல்போன் பார்க்காதீர்கள், வெதுவெதுப்பாகப் பால் குடியுங்கள் என்று ஆரம்பிக்கிறேன். அவர் அதற்கப்புறம் 'ம்' என்பதைத் தவிர அநேகமாக எதுவும் சொல்லவில்லை.

வேலைப் பளுவால் கேட்கிறார், ஒரு வாரம் ஓய்வு எடுக்கலாமா என்று கேட்கிறார் என்று நினைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். தாளில் எழுதிப் பார்த்தபோது அந்தக் கேள்விக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. பாத்திரங்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு அர்த்தம்தான் இருந்தது.

இந்த இடத்தில் நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிவை நிறுத்திவிட்டு அந்த இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றை எழுதாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. பதிவு எப்படியும் அழிந்துவிடும். அடுத்த புதன்கிழமை அவர் வரும்போது நானே சரிசெய்துகொள்ளலாம். இப்படியெல்லாம் யோசித்தேன். ஒரு நிமிடம் இருக்கும் என்று நினைக்கிறேன், கூடவும் இருக்கலாம். அடுத்த புதன்கிழமை அவர் வருவாரா என்ற எண்ணம் அதற்கப்புறம்தான் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு மாடியில் இருந்த மேமின் அறைக்குப் போனேன்.

மேம் இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கூப்பிட்டோம், ஸ்விட்ச் ஆஃப். படிவத்தில் அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த தங்கையின் நம்பர் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மனநல மருத்துவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, மேம் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

நாற்பது நிமிடப் பயணம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த வயலில் பெண்கள் குனிந்திருந்தாலும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே போனேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை.

மேம் தலையைத் திருப்பாமல் சொன்னார், "யாராவது கேட்டா ஆஸ்பத்திரியிலேருந்து மாத்திரை விஷயமா வந்திருக்கோம்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம். அவங்ககிட்ட நேரா கேட்டுடணும்க்கா, சாகணும்னு தோணுதான்னு."

"அப்படிக் கேட்டா நாமே நினைப்பு உண்டாக்கின மாதிரி ஆகிடாதா மேம்?"

"ஆகாது. பாடத்துல படிச்சீங்கள்ல. யாராவது கேட்க மாட்டாங்களான்னுதான் பாதிப் பேர் இருக்காங்க."

படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "வெள்ளனவே பூட்டிட்டுப் போயிடுச்சே. நடவுக்காத்தான் இருக்கும். வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் பாருங்க" என்றார். வாய்க்காலைத் தாண்டி முதலில் தெரிந்த வயலில் வேறு ஆட்கள். அவர்கள் கையைக் காட்டிய பக்கம் வரப்பிலேயே நடந்தோம். மழை பெய்து வரப்பு வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வயலில் அவர் இருந்தார். வரிசையின் ஓரத்தில், மற்றவர்களைப் போலவே குனிந்து நட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்றை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கரையேறினார். வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு, "என்னங்க மேடம், இவ்வளவு தூரம்?" என்றார். போனில் சார்ஜ் இல்லையாம், அவ்வளவுதான்.

மேம் என்னிடம் மெதுவாக, "உங்ககிட்டதானே சொன்னாங்க, நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அந்தப் பெண்ணும் நானும் வரப்பில் உட்கார்ந்தோம்.

"நேத்து ஒண்ணு கேட்டீங்க. நீங்க இல்லாட்டியும் நடவு நடக்கும்லன்னு. செத்துப்போறதை நினைச்சுக் கேட்டீங்களா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. "நீங்க நடக்கும்னுட்டீங்க. படிச்சவங்களே சொல்றாங்க, அப்ப சரிதான்னு நினைச்சுக்கிட்டேன். ஒத்துக்கிட்ட நடவு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அதை முடிச்சுக் கொடுத்துடலாம்னு வந்தேன்."

என் வாயில் ஏழெட்டு வாக்கியங்கள் தயாராக இருந்தன. நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, நீங்கள் வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன், உங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று வரிசையாக. ஒன்றையும் சொல்லவில்லை. "தப்பாச் சொல்லிட்டேன். நீங்க கேட்டது எனக்குக் காதுல விழல" என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் நான் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று பதிவு எதுவும் இல்லை. வயலில் மற்ற பெண்கள் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

அவராகவே ஆரம்பித்தார். "எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு மழை பிடிச்சுக்கிச்சுங்க. கொட்டகையில மோட்டாரை நிறுத்திட்டு வந்துடுங்கன்னு நான்தான் அனுப்பினேன். அது படுத்திருந்துச்சு. காலையில பார்த்துக்கலாம்னுச்சு. நான்தான் எழுப்பி அனுப்பினேன்." கொஞ்ச நேரம் கழித்து, "யார்கிட்டயும் சொல்லல. எம் பொண்ணுக்கும் தெரியாது" என்றார். திதி வரப்போகிறது, எல்லோரும் வந்து உட்கார்ந்து அழுவார்கள், அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது என்றார்.

புதன்கிழமை முக்கால் மணி நேரத்தில் அவர் கணவர் இறந்ததைப் பற்றி நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கும் அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள், விதி, நம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

எப்படி, எப்போது என்று ஏதாவது தீர்மானித்து வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. அதற்குள் தங்கை திரும்பக் கூப்பிட்டார். அவரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டு, அவர் தலையாட்டிய அளவுக்கு மேம் சொன்னார். தங்கை வீட்டில் இருந்துகொண்டு மருத்துவரைப் பார்க்கலாம் என்றதற்கு அந்தப் பெண் முதலில் வர மாட்டேன் என்றார், நடவை யார் முடிப்பது என்று கேட்டார். இந்தத் தடவை நான் பதில் சொல்லவில்லை. "நீங்களே யாருக்காவது சொல்லிட்டு வர்றீங்களா?" என்றேன். வயலில் இறங்கி ஒரு பெண்ணிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். மதியத்துக்குள் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்து எதை அப்புறப்படுத்த வேண்டுமோ அதையும் எடுத்துப் போனார்கள். மறுநாள் காலை மனநல மருத்துவரைப் பார்த்தார். மாத்திரை ஆரம்பித்தார்கள்.

வேறொருவரிடம் அவரை மாற்றிவிடுங்கள் என்று மேமிடம் கேட்டேன். எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. "அதை அவங்ககிட்ட கேட்போம்" என்றார் மேம். கேட்டதற்கு அந்தப் பெண், "இவங்களே இருக்கட்டும். திருப்பி முதல்லேருந்து சொல்ல முடியாது" என்றாராம். அவ்வளவுதான் காரணம். என்மேல் பெரிய நம்பிக்கை என்றெல்லாம் இல்லை. அடுத்த எட்டு மாதம், வயலில் வேலை இல்லாத புதன்கிழமைகளில் வந்தார். எல்லா வாரமும் முன்னேற்றம் இருந்தது என்று சொல்ல முடியாது. தை மாதம் அறுவடை நேரத்தில் மறுபடி மோசமானார், மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. மகளிடம் மோட்டார் கொட்டகை விஷயத்தைச் சொன்னது சித்திரையில். மகள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வாரம்தான் வயிற்று வலி இல்லை என்று முதல் தடவையாகச் சொன்னார்.

அந்த முதல் புதன்கிழமைப் பேச்சின் பிரதியை முழுசாக எழுதி மேமிடம் கொடுத்தேன். இந்தத் தடவை பென்சில் குறிப்பு எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது. மதிப்பெண்ணும் குறைவுதான்.

படிப்பு முடிந்து இப்போது ஒரு கல்லூரியில் ஆலோசகராக இருக்கிறேன். எங்களிடம் வந்தவர்களை வெளியிடங்களில் பார்த்தால் நாங்களாகப் போய்ப் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. போன வருடம் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவராகவே வந்தார். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, துணி எடுக்க வந்தோம் என்றார். பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டார். இதை எழுதுவதற்கு முன் போன் செய்து சம்மதம் கேட்டேன். "ஊர் பேரு போடாதீங்க, மத்தபடி எழுதுங்க. யாருக்காவது ஆகும்" என்றார்.

பதினாறு வருடம் வகுப்பில் கேள்வி கேட்டால் உடனே பதில் வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். இன்றைக்கும் எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது; அது அவருக்கு உதவ வருகிறதா, இல்லை என் பயத்தை மூடிக்கொள்ள வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.